போனிங்டனின் ரூவான் தெரு (1824): கல்லச்சில் கூட்டமும் நிழலும் எப்படி நிற்கின்றன?

கரிக்கோல்:

ஆங்கில ஓவியர் ரிச்சர்ட் பார்க்ஸ் போனிங்டன் 1824-இல் வரைந்த ‘ரூ து க்ரோ-ஓர்லோஜ், ரூவான்’ என்ற கல்லச்சுப் படத்தை (கல்லில் வரைந்து தாளில் அச்சிடும் லித்தோகிராஃப்) விரிவாகப் பேசலாம். ரூவான், பிரான்சின் நார்மண்டி மாகாணத்து நகரம். ‘பெரிய கடிகாரத் தெரு’ என்று தமிழில் வைத்துக்கொள்ளுங்கள். குறுகிய தெரு, இருபுறமும் மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள், தெருவுக்குக் குறுக்கே கடிகாரம் தாங்கிய வளைவு, பக்கத்தில் மணிக்கூண்டு, கீழே ஜனநடமாட்டம். ரொமாண்டிக் காலத்து (19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி) நகரக் காட்சிகளில் இதைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது கடினம்.

மூன்று கேள்விகள். படத்தில் தெரு அவ்வளவு நெரிசலாகத் தோன்றுவது எதனால்? வீடுகளின் உயரம் நிஜமா, கூட்டியதா? இதே முறையில் கல்லில் ஒரு தெருக்காட்சி செய்ய வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது?

பழஞ்சுவடி:

முதலில் படம் எதற்காக வரையப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

பிரான்சின் பழைய கட்டடங்களைப் பகுதி பகுதியாகப் படமாக்கி வெளியிடும் பெருந்திட்டம் ஒன்று 1820-இல் தொடங்கியது. பாரோன் டெய்லர், ஷார்ல் நோதியே, அல்ஃபோன்ஸ் த கையோ மூவரும் அதன் பொறுப்பாளர்கள். நார்மண்டியின் முதல் தொகுதி 1820-இலும் இரண்டாவது 1825-இலும் வந்தன. போனிங்டனின் இந்தத் தெரு இரண்டாம் தொகுதிக்காக வரையப்பட்டது. அச்சிட்டவர் மூலூஸைச் சேர்ந்த கொத்ஃப்ருவா எங்கல்மான். அவர் 1816-இலேயே பாரிஸில் கல்லச்சகம் திறந்துவிட்டவர். போனிங்டன் பிறந்தது 1802 அக்டோபரில், நாட்டிங்ஹாம் பக்கம். 1828 செப்டம்பரில் காசநோயில் போய்விட்டார், 26 நிறையவில்லை. இந்தப் படம் வரைந்தபோது வயது 21 அல்லது 22.

ஒப்பிட்டுப் பார்க்க, இன்னோர் ஆங்கில ஓவியர் ஜான் செல் காட்மன் 1822-இல் முடித்த நார்மண்டிக் கட்டடத் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது செம்புத் தகட்டில் அமிலம் அரித்த 100 படங்கள். காட்மனுக்குக் கோடுதான் ஆயுதம். கல் எத்தனை, வளைவு எத்தனை என்று எண்ணிவிடலாம். போனிங்டனுக்குக் கிடைத்ததோ கல்லும் கொழுப்புக் க்ரேயானும். கொழுப்பு பட்ட இடம் மையைப் பிடிக்கும், ஈரமான வெறுங்கல் மையைத் தள்ளும்; கல்லச்சின் அடிப்படை இதுதான். அதில் கோட்டைவிட நிழல் இயல்பாக வரும். ஒரே மாகாணம், ஏறக்குறைய ஒரே ஆண்டுகள், ஆனால் கருவி வேறு. அதனால் பார்வையும் வேறு.

கட்டடத்தைப் பற்றியும் நான்கு வரி. கடிகார இயந்திரம் 1389-ஐச் சேர்ந்தது. இப்போதுள்ள வளைவு 1520-களின் இறுதியில் கட்டிய மறுமலர்ச்சிக் காலத்து வேலை. கடிகார முகப்பின் விட்டம் சுமார் 2.5 மீட்டர், நடுவில் 24 கதிர் கொண்ட சூரியன், மேலே நிலவின் வளர்பிறை தேய்பிறை காட்டும் உருண்டை. முள் ஒன்றே ஒன்றுதான், மணி காட்டும் முள். நிமிட முள் கிடையாது. பார்த்து வரைபவர்களில் பலர் பழக்கத்தில் இரண்டு முள் போட்டுவிடுகிறார்கள்.

தூரநோக்கு:

உயரம் பற்றிய கேள்விக்குக் கணக்கோடு பதில் சொல்லலாம்.

தரையில் நிற்பவரின் கண் ஏறத்தாழ 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோணல் தெரியாமல் ஒரு காட்சியை வரையக் கண்மட்டத்துக்கு மேலே 30 பாகை வரை எடுத்துக்கொள்ளலாம் என்பது வழக்கம். 14 மீட்டர் உயரமான ஒரு கூரை முனை அந்த 30 பாகைக்குள் வர வேண்டுமென்றால் (14 − 1.6) ÷ 0.577 (30 பாகையின் டான்ஜென்ட்), அதாவது சுமார் 21.5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதற்குள் இருக்கும் அவ்வளவு உயரமான எந்த வீட்டின் உச்சியும் படத்துக்குள் வராது. பழைய நகரத்துத் தெருவின் அகலமோ 6, 7 மீட்டர். முன்னால் இருக்கும் வீட்டை அடி முதல் முனை வரை முழுதாகக் காட்டியிருக்கும் எந்தத் தெருப்படத்திலும் ஓவியர் இரண்டு நிலைகளைச் சேர்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரு நிலை, தெருவின் ஆழத்துக்கு இன்னொரு நிலை.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. சமதளமான தெருவில், ஓவியர் நின்றுகொண்டு வரைந்திருந்தால், நிற்கும் பெரியவர்கள் எல்லோருடைய தலையும் அருகே இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் ஒரே கிடைக்கோட்டில் வரும். அதுதான் கண்மட்டக் கோடு. தலைகள் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் மாடி ஜன்னலிலிருந்து பார்த்த காட்சி, அல்லது தெரு கீழ்நோக்கிச் சரிகிறது. மறைபுள்ளியை (தெருவின் கோடுகள் தூரத்தில் கூடுவதுபோல் தெரியும் புள்ளி) இரண்டு ஜன்னல் விளிம்புகளை நீட்டிக் கண்டுபிடித்து, அதன் வழியே ஒரு கிடைக்கோடு போட்டுப் பாருங்கள். அந்த உயரத்தில் தலைகள் வரிசையாக நின்றால் தூரக்கணக்கு சரி.

வளைவின் அளவைச் சரிபார்க்கக் கடிகார முகப்பின் 2.5 மீட்டரே அளவுகோல். வளைவுக்கு நேர் கீழே நிற்கும் 1.65 மீட்டர் ஆள் முகப்பின் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிதாக இருந்தால், வளைவைப் பெரிதாகக் காட்ட ஆளைச் சுருக்கியிருக்கிறார்கள். ரொமாண்டிக் காலத்து நகரக் காட்சிகளில் இது பரவலான உத்தி.

மைஉருளை:

தூரநோக்கு சொன்ன கணக்கில் தவறில்லை. ஆனால் உயரத்தைக் கூட்டினாரா இல்லையா என்பதில் இந்தப் படத்தின் உயிர் இல்லை என்பது என் உறுதியான கருத்து. அளவு பிசகாமல் வரைந்த எத்தனையோ தெருப்படங்கள் செத்துக் கிடக்கின்றன.

நெரிசல் எங்கிருந்து வருகிறது? படத்தைக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வெளிச்சமான வானம் ஒரு துண்டு, இடைநிழலில் வீட்டு முகப்புகள், அடர்ந்த நிழலில் கூரைச்சாய்வின் அடியும் வாசல்களும், பிறகு தரை. நான்கே தொகுதிகள். ஆட்கள் தனித்தனியாக நிற்பதில்லை. வீட்டு நிழலோடு ஒட்டிக்கொண்ட கரும்பாகமாகச் சிலர், வெளிச்சத் தரையின் மேல் கருநிழலாகச் சிலர், நிழலின் மேல் வெள்ளைப் புள்ளியாகச் சிலர். நார்மண்டிப் பெண்களின் வெள்ளைத் தலையணி இதற்கென்றே அமைந்தது போல் உதவும். கல்லை வெறுமனே விட்டாலே ஒரு தலை தெரிந்துவிடும்.

கணக்காகவே சொல்கிறேன். 5 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஆளைப் படத்தில் 40 மில்லிமீட்டர் உயரத்தில் வரைந்தால், 40 மீட்டர் தூரத்து ஆள் 5 மில்லிமீட்டர்தான். அவருடைய தலை 0.7 மில்லிமீட்டருக்கும் குறைவு. நன்றாகக் கூர்மையாக்கிய க்ரேயான் முனையின் தடமே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். ஆக, தூரத்து ஆளுக்கு மொத்தமே மூன்று தொடுகைதான் சாத்தியம்: தலைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று, தரையில் நிழலுக்கு ஒன்று. கால் வரையவே கூடாது. கண் தானே கால் போட்டுக்கொள்ளும்.

முன்னால் இருக்கும் கூட்டத்துக்கு வேறு விதி. மூன்று நான்கு பேரை ஒரே நிழலுருவாகச் சேர்த்துவிட்டு, அதில் ஒரே ஒரு தோள், ஒரே ஒரு கூடை, ஒரே ஒரு தொப்பி விளிம்பை மட்டும் தெளிவாக்க வேண்டும். எல்லோரையும் தெளிவாக்கினால் பொம்மைக்கடை அலமாரி ஆகிவிடும்.

தூரநோக்கு:

ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. அந்த நான்கு தொகுதிகளும் பிடிப்போடு நிற்பதே அடியில் தூரக்கணக்கு சரியாக இருப்பதால்தான். கண்மட்டக் கோட்டில் தலைகள் வரிசைப்படாவிட்டால் உங்கள் மூன்று தொடுகை ஆள், ஆளாகத் தெரியாது. கறையாகத் தெரியும்.

தரைக்கும் ஒரு குறிப்பு. அக்காலத்துப் பழைய தெருக்களில் சாக்கடை நடுவில்தான் ஓடும். இருபுறத் தளமும் நடுவை நோக்கிச் சரியும். உயர்த்திய நடைபாதை மிக அரிது. இன்றைய தெருவைப் பார்த்து வரைபவர்கள் இருபுறமும் நடைபாதை விளிம்புக் கோடு போட்டால் காலமே மாறிவிடும். நடுச்சாக்கடையின் ஈரப் பளபளப்பு மறைபுள்ளியை நோக்கிக் கண்ணை இழுக்கும் வெள்ளைக் கோடாக உதவும்.

கரிக்கோல்:

கல் வேலைக்கு வருவோம். எந்தக் கல், எந்த மணல், எந்தக் க்ரேயான்?

கல்லச்சு:

கல்: பவேரியாவின் ஸோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல். அலோய்ஸ் ஸெனஃபெல்டர் 1790-களின் இறுதியில் இந்த முறையைக் கண்டுபிடித்ததும் அந்தக் கல்லை வைத்துத்தான். சாம்பல் நிறக் கல் கடினம், நுண்ணிய க்ரேயான் வேலையைத் தாங்கும். மஞ்சள் கல் மென்மை, பேனா வேலைக்குப் போதும். தெருக்காட்சிக்குச் சாம்பல் கல்லே வேண்டும்.

எடை தெரிந்து வாங்குங்கள். 30×40 செ.மீ., 6 செ.மீ. தடிமன் என்றால் ஏறத்தாழ 19 கிலோ. 50×60×8 என்றால் 62 கிலோ, இரண்டு பேர் இல்லாமல் தூக்கக்கூடாது. 5 செ.மீ.-க்குக் குறைந்த தடிமன் அச்சு அழுத்தத்தில் உடையும் வாய்ப்பு அதிகம். கல்லின் அடிப்பக்கம் சமமாக இல்லாவிட்டாலும், படுக்கையில் ஒரு மணல் துகள் மாட்டியிருந்தாலும், தடித்த கல்லே நெடுக்காகப் பிளக்கும்.

தேய்ப்பு: அன்று சலித்த மணலும் தண்ணீரும், கல்மேல் கல் வைத்து எட்டு வடிவில் தேய்ப்பார்கள். இன்று கார்போரண்டம் என்ற உராய்வுத் தூள்; எண் கூடக் கூடத் துகள் நுண்மை. 80-இல் தொடங்கி பழைய படம் முழுவதும் போகும்வரை, பிறகு 120, 180, கடைசியாக 220. ஒவ்வொரு எண்ணிலும் இரண்டு மூன்று சுற்று. மாற்றும்போது கல்லையும் மேசையையும் நன்றாகக் கழுவ வேண்டும். 220-க்கு நடுவே ஒரே ஒரு 80 துகள் சிக்கினாலும் வானத்தின் குறுக்கே கீறல் விழும். ஓரங்களும் மூலைகளும் நடுவைவிட வேகமாகத் தேயும். நேர்விளிம்பு ஒன்றைக் குறுக்கே வைத்து, அடியில் மெல்லிய காகிதத் துண்டுகளைச் செருகி இழுத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே இறுக்கம் இருந்தால் கல் சமம். விளிம்புகளை அரத்தால் உருட்டிவிட வேண்டும். கூர்விளிம்பு மையைப் பிடித்து அச்சில் கறுப்புக் கட்டம் போடும்.

க்ரேயான்: மெழுகு, சோப்பு, மாட்டுக்கொழுப்பு, அரக்கு, விளக்குக்கரி சேர்ந்தது. இன்று கிடைக்கும் கோர்ன் வகையில் எண் கூடக் கூடக் கடினம். வானத்துக்கும் தூரத்து மணிக்கூண்டுக்கும் 5, முகப்புகளுக்கு 4 அல்லது 3, வாசல் இருளுக்கு மட்டும் 2, 1. முழுப்படத்தையும் 1-ஐ வைத்து வரைவது ஆரம்பக்காரர்களின் பொதுப்பிழை. கல்லில் அழகாகத் தெரியும். அச்சில் எல்லாம் ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்ளும்.

கல்லைக் கையால் தொடக்கூடாது. விரல்ரேகையில் உள்ள எண்ணெயே அச்சில் சாம்பல் ரேகையாக வரும், பொடுகு விழுந்தால் கரும்புள்ளி. பேசும்போது எச்சில் தெறித்தால் நேர்மாறாக வெள்ளைப் புள்ளி, ஏனென்றால் எச்சில் கொழுப்பை ஒட்டவிடாது. கல்லுக்கு மேலே பாலம்போல் ஒரு பலகை வைத்து அதன்மேல் கை ஊன்றி வரையுங்கள். சென்னை வெயிலில் க்ரேயான் இளகும், முனை நிற்காது. காலையில் வேலை வைத்துக்கொள்வது நல்லது.

மைஉருளை:

வரையும் வரிசையையும் சேர்த்துவிடுகிறேன்.

வரைபடத்தை டிரேசிங் தாளில் எடுத்துத் திருப்பிப் போட வேண்டும், ஏனென்றால் அச்சில் இடம் வலமாகும். மாற்றும் தாளுக்குப் பின்புறம் காவிப்பொடி தடவுங்கள். கார்பன் தாள் வேண்டாம். அதில் கொழுப்பு உண்டு, கோடெல்லாம் அச்சாகிவிடும். காவியில் கொழுப்பில்லை, அச்சில் வராது.

முதலில் முழுக்கல்லிலும் இடைநிழலை மட்டும், அழுத்தாமல், ஒரே திசையில் அல்லாமல் குறுக்கும் நெடுக்குமாக. நிழல் கூட வேண்டுமென்றால் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். மறுபடி ஒரு முறை மேலே போங்கள். அழுத்தினால் க்ரேயான் கல்லின் குழிகளுக்குள் இறங்கி மணியெல்லாம் (தேய்ப்பில் கல்முகத்தில் வந்த நுண் சொரசொரப்பு) மூடிவிடும், பிறகு அந்த நிழலுக்குள் காற்று இருக்காது. போனிங்டனின் நிழல்கள் இருட்டாக இருந்தும் உள்ளே பார்க்க முடிவது இந்த மணி மூடாமல் விட்டதால்தான். வாசல்களின் ஆழ்ந்த கறுப்பை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள்.

வெள்ளை: பெரிய வெள்ளைகளைத் தொடாமல் விடுங்கள். தலையணி, ஜன்னல் கம்பி, ஈரத்தரைப் பளபளப்பு போன்ற நுண் வெள்ளைகளை ஊசியாலோ சிறு கத்திமுனையாலோ மெல்லச் சுரண்டலாம். ஆழமாகத் தோண்டக்கூடாது. சுரண்டிய இடம் புதுக்கல். வெறுங்கல் மை பிடிக்காமலிருக்க அமிலம் கொடுப்பதற்குள் விரல் பட்டால் உடனே கொழுப்பைக் குடித்துவிடும்.

பழஞ்சுவடி:

கடிகாரத்தில் கவனம். கல்லில் III இடப்பக்கமும் IX வலப்பக்கமும் இருக்க வேண்டும், எண்கள் கண்ணாடிப் பிம்பமாக. ஒற்றை முள்ளும் அப்படியே. கடைப்பலகை எழுத்து இருந்தால் அதுவும். கல்லுக்கு எதிரே ஒரு கண்ணாடியை நிறுத்தி அதில் பார்த்துக்கொண்டே வரைவது அன்றிலிருந்து இருக்கும் வழி. ஒரு பழைய அச்சு இடம் வலம் மாறியிருக்கிறதா என்ற சந்தேகத்துக்கு, மணிக்கூண்டு வளைவின் எந்தப் பக்கம் என்று இன்றைய புகைப்படத்தோடு வைத்துப் பாருங்கள். வளைவும் கூண்டும் இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் தப்பி இன்றும் நிற்கின்றன.

ரூவானின் தூரக்காட்சிப் படங்களைக் காலம் கணிக்கப் பேராலயத்தின் நடுக்கோபுரம் உதவும். மரத்தாலான பழைய கூர்முனை 1822 செப்டம்பரில் மின்னல் தாக்கி எரிந்தது. அது தெரிந்தால் காட்சி அதற்கு முந்தையது.

இளம்பச்சை:

வரைந்து முடித்து, அமிலம் கொடுத்து, மை ஏற்றினால் வானமும் தூரத்து மணிக்கூண்டும் காணாமல் போகின்றன, வாசல் இருட்டு மட்டும் தடித்து நிற்கிறது. இந்த வகைப் படங்களில் இது ஏன் நடக்கிறது?

கல்லச்சு:

ஒரே அமிலக் கரைசலை முழுக்கல்லுக்கும் கொடுத்ததால். தெருக்காட்சியில் மிக மெல்லிய நிழலும் மிக அடர்ந்த இருளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே மருந்து ஆகாது.

முதலில் ரோசின் பொடி (பைன் மரப் பிசினிலிருந்து வருவது), பிறகு டால்க் தூவித் துடைக்கவும். இவை க்ரேயானை அமிலத்திலிருந்து காக்கும். பிறகு வெறும் பிசின் (கம் அராபிக்) கரைசலை முழுக்கல்லிலும் தடவவும். நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் கருவேலம் பிசின் என்றால் கரைத்ததும் மல் துணியில் இருமுறை வடிகட்டுங்கள், மரப்பட்டைத் தூசு நிறைய இருக்கும். புளித்த பிசின் வேண்டாம்.

30 மில்லி பிசினுக்கு நைட்ரிக் அமிலம் எத்தனை சொட்டு என்பதுதான் கணக்கு. சாம்பல் கல்லில் வானத்துக்கு 3 முதல் 5, முகப்புகளுக்கு 8 முதல் 10, வாசல் இருளுக்கு 12 முதல் 15. மஞ்சள் கல்லானால் இதில் மூன்றில் ஒரு பங்கு குறைக்கவும். பிசினுக்குள்தான் அமிலத்தைச் சொட்ட வேண்டும், கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் கட்டாயம். இருளான இடங்களில் தூரிகையால் வலுவான கரைசலைக் கொடுத்துவிட்டு, நுரை அடங்கும்போது வானத்திலிருக்கும் வெறும் பிசினோடு எல்லை தெரியாமல் இழையவிடுங்கள். மல் துணியால் மெல்லிய படலமாகத் துடைத்து உலரவிட்டு, ஓர் இரவு வைக்கவும்.

மறுநாள் உலர்ந்த பிசினுக்கு மேலேயே டர்பன்டைன் ஊற்றித் துடைத்தால் படம் கண்ணுக்கு மறைந்துவிடும். பயப்பட வேண்டாம், கொழுப்பு கல்லுக்குள் இருக்கிறது. தார்க்கரைசல் (அஸ்பால்ட்டம்) தேய்த்து, தண்ணீரால் கழுவி, ஈரம் காயாமல் தோல் உருளையால் மை. மை ஏறும் வேளையில் கல் ஓரிடத்தில் காய்ந்தாலும் அங்கே கறை பிடிக்கும். ஒருவர் ஈரப் பஞ்சோடு, ஒருவர் உருளையோடு நிற்பது அதனால்தான். இருள் தடிக்கிறது என்றால் மை இளகலாக இருக்கிறது அல்லது உருளை மெதுவாகப் போகிறது. மெதுவான உருளை மையைப் போடும், வேகமான உருளை மையை எடுக்கும். படம் முழுதாக வந்ததும் இரண்டாம் முறை லேசான அமிலம், பிறகுதான் அச்சு.

வானத்தில் நிழல் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் திரும்பி வராது. மேலே க்ரேயான் போட்டுச் சேர்க்க வேண்டுமென்றால் நீர்த்த அசிட்டிக் அமிலத்தால் அந்த இடத்தைக் கழுவிக் கல்லை மறுபடி கொழுப்பு ஏற்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதைவிட முதலிலேயே குறைவாகக் கொடுப்பது மேல்.

பழஞ்சுவடி:

வானத்துக்கு இன்னொரு வழி இரண்டாம் கல். போனிங்டனின் நண்பர் தாமஸ் ஷாட்டர் பாய்ஸ் 1842-இல் வெளியிட்ட லண்டன் காட்சிகளைப் பாருங்கள். அச்சிட்டவர் சார்ல்ஸ் ஹல்மண்டல். ஒரு கல்லில் கறுப்பு வரைபடம், இன்னொன்றில் படம் முழுவதும் பரவும் வெளிர் மண்நிறம்; மேகமும் வெயில்பட்ட சுவரும் அந்த இரண்டாம் கல்லில் சுரண்டி எடுத்த வெள்ளைகள். ரூவானில் வெறும் தாள் செய்த வேலையை அங்கே சுரண்டல் செய்கிறது. தெருவும் வேறு: நடைபாதை விளிம்பு, விளக்குக் கம்பம், அகலச் சாலை. அங்கே நெரிசலைக் கட்டடங்கள் தராது, வண்டிகள்தான் தர வேண்டும்.

மைஉருளை:

ஆனால் நிறக்கல் சேர்த்ததும் இடைநிழலின் பாதிப் பொறுப்பு அதற்குப் போய்விடுகிறது, க்ரேயான் சோம்பலாகிறது. முதல் படத்தை ஒரே கல்லில், ஒரே கறுப்பில் செய்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கரிக்கோல்:

தாள் மட்டும் பாக்கி. தடித்த தாளில் அச்சிட்டால் தூரத்து நிழல்கள் உடைந்து புள்ளிபுள்ளியாக வருமே?

கல்லச்சு:

அதனால்தான் அந்தக் காலத்தில் சீனத்தாள். மெல்லிய சீனத்தாளைப் படத்தின் அளவுக்கு வெட்டி, பின்புறம் மாவுப்பசை பூசி உலரவைத்து, மை ஏற்றிய கல்லின்மேல் பசைப்பக்கம் மேலாக வைப்பார்கள். அதன்மேல் நனைத்து ஈரம் ஒற்றிய தடித்த தாள், அதன்மேல் மெத்தைத்தாள், கொழுப்பு தடவிய அழுத்துப்பலகை, பிறகு தோல் கட்டிய ஸ்கிரேப்பர் (அச்சுப்பொறியில் தேய்த்து அழுத்தும் கட்டை). ஒரே இழுப்பில் அச்சும் விழும், இரு தாளும் ஒட்டும். மெல்லிய தாள் கல்லின் ஒவ்வொரு மணிக்குள்ளும் இறங்குவதால் 5-ஆம் எண் க்ரேயானின் நிழல்கூட உடையாமல் வரும். தாள் அதிக ஈரமாக இருந்தால் மை ஒட்டாமல் வெளிறும், ஈரம் போதாவிட்டால் சீனத்தாளின் ஓரம் காய்ந்தபின் தூக்கிக்கொள்ளும். முதல் நான்கைந்து பிரதிகள் வெளிறலாகத்தான் வரும். கல் மையோடு பழகட்டும், ஏழு எட்டுக்குப் பிறகு வரும் பிரதியை வைத்து நிழல்களை எடை போடுங்கள்.